வறுமை, ஏற்றத்தாழ்வு பற்றி முதுகலை படிக்கலாமா? காசிமேட்டிலிருந்து கேட்கிறேன்

காசிமேட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். என் கேள்வி கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எனக்கு வயது 25. பி.காம். முடித்து மூன்று வருடமாக ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் என் ஏரியா. நைனா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கல்மண்டபம் பக்கம் கூறு கட்டி விற்கிறார். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான்.

வறுமை, ஏற்றத்தாழ்வு, பன்னாட்டு வளர்ச்சி மூன்றையும் சேர்த்துப் படிக்கிற முதுகலைப் படிப்பு ஒன்று இருப்பதே எனக்குப் போன வருடம்தான் தெரியும். எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஓர் ஆய்வாளர் சொன்னார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட இதே பெயரில் இருக்கிறதாம். அன்றிலிருந்து அதே நினைப்பு. ஏன் என்று கேட்டால் இரண்டு விஷயம் சொல்லுவேன்.

முதல் விஷயம் ஒரு வீடு. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மார்ச் மாதம் ஒரு சுற்று, மே மாதம் ஒரு சுற்று என்று அந்த வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். அண்ணன் படகில் ஆள், அக்கா கருவாடு போடுகிறவர். மார்ச்சில் போனபோது 'கடந்த 30 நாளில் எவ்வளவு மீன் சாப்பிட்டீர்கள்' என்று கேட்டேன். அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கினால்தானே கிலோ தெரியும். படகிலிருந்து அண்ணன் கறிக்கு எடுத்துவருகிற மீனை யார் நிறுத்துப் பார்க்கிறார்கள்? காரப்பொடி ஒரு நாள், சங்கரா ஒரு நாள், பெரிய மீன் தலை ஒரு நாள். இருவரும் உட்கார்ந்து யோசித்து யோசித்து ஒரு கணக்குப் போட்டு டேப்லெட்டில் ஏற்றினேன். மே மாதம் போனபோது தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதே கேள்வியைக் கேட்டேன். அக்கா அடுப்பைப் பார்த்தபடி "பூஜ்யம்னு போட்டுக்கோம்மா" என்றார். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு சுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு குடும்பம் மாதிரி இருந்தது. அந்த வீட்டை நான் என்ன என்று எழுதுவது?

இரண்டாவது விஷயம் என் சித்தி. கால்வாய் ஓரத்தில் ஓலைக்கு மேல் தார்ப்பாய் போட்ட வீட்டில் இருந்தார். பத்து வீட்டுக்கு ஒரே கழிவறை. தண்ணீர் அடிபம்பில். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவும் சித்தியும் ஒன்றாகத்தான் துறைமுகத்துக்கு நடந்து போவார்கள். நாலு வருடம் முன்பு அந்த வரிசையையே காலி செய்து பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். இப்போது சித்திக்கு காங்கிரீட் வீடு, சொந்தக் கழிவறை, வீட்டுக்குள்ளேயே குழாய். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு அங்கிருந்து எப்படிக் கிளம்பி ஏலத்துக்கு வருவார்? ஆட்டோவுக்குக் கொடுத்தால் லாபம் போச்சு. ஒரு வருடம் முயற்சி செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இப்போது ஒரு கம்பெனியில் தரை துடைக்கிறார். சாமான் வாங்க எடுத்த தண்டல் இன்னும் முடியவில்லை.

போன பொங்கலுக்கு அங்கே போயிருந்தேன். மீன் கழுவும் அலுமினியத் தட்டில் துணி மடித்து வைத்திருந்தார். அரிவாள்மனையைப் பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் போட்டிருந்தார். எனக்கு வேலைப் பழக்கம், வருமானத்தைக் கேட்காமல் வாழ்க்கையில் என்னென்ன குறை என்று எண்ணுகிற பலபரிமாண வறுமைக் குறியீட்டின் கேள்விகளை மனசுக்குள் ஓட்டினேன். கழிவறை பொதுவா? இல்லை. கூரை? சரியாக இருக்கிறது. மின்சாரம், கேஸ், பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் டிக். பழைய வீட்டில் இரண்டு குறை விழுந்திருக்கும். புது வீட்டில் ஒன்றும் இல்லை. என் டேப்லெட் கணக்கில் சித்தி முன்னேறிவிட்டார். ராத்திரி படுக்கும்போது சித்தி கேட்டார், "துறைமுகத்துல என்ன மீனு வருது இப்ப?" எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதைப் படித்தால் எனக்கு விடை கிடைக்குமா என்பதுதான் கேள்வி. பி.காம். கணக்குதான் தெரியும், பொருளாதாரம் படித்ததில்லை. அம்மா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெளிநாடு போக எங்களிடம் பணம் இல்லை. இந்தப் பாதையில் போனவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

---

பெரம்பூர்வாசி:

அம்மா, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன், கடன் பிரிவில் நீண்ட நாள் இருந்தவன். என் அப்பா இங்கே பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். அதனால் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படிப்பைப் பற்றிச் சொல்ல மற்றவர்கள் வருவார்கள்.

கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்து ஈடு கேட்பார்கள். ஈடு என்றால் பட்டா உள்ள வீடு. நம் பக்கம் எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கிறது? மூன்று தலைமுறையாக வரி கட்டுவான், கரண்ட் பில் கட்டுவான், கையில் பட்டா இருக்காது. எத்தனையோ நல்ல பிள்ளைகள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இந்த இடத்தில்தான் திரும்பிப் போனார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம். நீ ஏற்றத்தாழ்வு படிக்கப் போகிறாய் என்றால் இதையும் எழுதிக்கொள்: கடன் யாருக்குத் தேவையோ அவரிடம் ஈடு இருப்பதில்லை.

ஆகவே, கடன் வாங்கி வெளிநாடு போகாதே. ஏஜென்சிக்காரர்கள் 'முதலில் சேருங்கள், வேலை கிடைத்ததும் அடைக்கலாம்' என்பார்கள். நைனாவின் உழைப்பையோ அம்மாவின் நகையையோ இதில் வைக்காதே. முழு உதவித்தொகை கிடைத்தால் போ. கிடைக்காவிட்டால் இங்கேயே படி. அம்மா சொன்ன வங்கித் தேர்வையும் ஒருமுறை எழுதிப்பார், அதில் ஒன்றும் நஷ்டம் இல்லை. நானும் அந்தத் தேர்வு எழுதித்தான் என் தம்பி தங்கைகளைக் கரையேற்றினேன்.

---

கொடுங்கையூர் பையன்:

அக்கா, நான் பெங்களூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் வளர்ச்சியியல் முதுகலை இரண்டாம் வருடம். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம், விடுதி எல்லாவற்றுக்கும் சலுகை கொடுக்கிறார்கள். எனக்கு முழுச் சலுகை. அப்பா குப்பை லாரி ஓட்டுகிறார், வருமானச் சான்றிதழ் கொடுத்தேன், அவ்வளவுதான். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்திலும் வளர்ச்சியியல் இருக்கிறது. சென்னையை விட்டுப் போக முடியாது என்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸில் இரண்டு வருட எம்.ஏ. வளர்ச்சியியல் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வகுப்பில் எல்லோரும் புத்தகத்தில் இருந்து பேசும்போது நான் குப்பைமேட்டுப் புகையைப் பற்றிப் பேசினேன், முதல் மாதம் எல்லோரும் ஆர்வமாகக் கேட்டார்கள். அப்புறம் ஒரு பேராசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'உன் அனுபவம் பெரியது, ஆனால் கட்டுரையில் அது ஒரு பத்திதான், மீதிப் பத்துப் பக்கத்துக்கு என்ன செய்யப்போகிறாய்' என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். நீங்கள் மூன்று வருடம் வேலை பார்த்தவர், அந்தப் பத்துப் பக்கமும் உங்களிடம் இருக்கும் என்று தோன்றுகிறது.

வேலை பற்றி: இதை முடித்தவர்கள் பெரும்பாலும் திட்டங்களைக் கண்காணிப்பது, மதிப்பீடு செய்வது என்கிற வேலைக்குத்தான் போகிறார்கள். வங்கி அளவுக்கு நிரந்தரம் கிடையாது, இரண்டு வருடம், மூன்று வருடம் என்று ஒப்பந்தம். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

---

வியாசர்பாடி அக்கா:

தங்கச்சி, உன் பதிவைப் பஸ்ஸில் வரும்போது படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். நான் 2016-ல் இங்கிலாந்தில் இந்தப் படிப்பைத்தான் படித்தேன், திரும்பி வந்து உன்னைப் போன்ற கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சித்தியைப் பற்றி. நீ போட்ட கணக்கில் ஒரு திருத்தம் இருக்கிறது, அது உனக்கு மிகவும் முக்கியம். உலக அளவில் பயன்படுத்துகிற பலபரிமாணக் குறியீட்டில் உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் என்று மூன்று பகுதி, மொத்தம் பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு எடை. வாழ்க்கைத்தரத்துக்குள் ஆறு கேள்வி இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் பதினெட்டில் ஒரு பங்குதான். சித்தியின் பழைய வீட்டில் பொதுக் கழிவறை ஒன்று, தார்ப்பாய்க் கூரை ஒன்று. இரண்டையும் கூட்டினால் ஒன்பதில் ஒரு பங்கு. ஏழை என்று எண்ண மூன்றில் ஒரு பங்கு வர வேண்டும். அப்படியென்றால், கால்வாய் ஓரத்தில் ஓலைக்குக் கீழே இருந்தபோதும் சித்தி அந்தக் கணக்கில் ஏழை கிடையாது. இப்போதும் கிடையாது. நிதி ஆயோக் கணக்கில் பேறுகால நலம், வங்கிக் கணக்கு இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு கேள்வி. அதிலும் வாழ்க்கைத்தரக் கேள்வி ஒன்றின் எடை இன்னும் குறையும். 2019-21 தரவின்படி தமிழ்நாட்டில் 2.20 சதவீதம் பேர்தான் பலபரிமாண வறுமையில் இருக்கிறார்கள் என்று 2023-ல் அறிக்கை வந்ததே, அந்த 2.20-க்குள் சித்தி எப்போதும் இருந்திருக்க மாட்டார்.

இதைக் கேட்டு அந்தக் கணக்கே பொய் என்று நினைத்துவிடாதே. நானும் முதல் பருவத்தில் அப்படித்தான் கோபப்பட்டேன். பள்ளிக்கே போகாத பிள்ளை, எடை குறைந்த குழந்தை, இவர்களைக் கண்டுபிடிக்க அந்தக் கணக்கு நன்றாக வேலை செய்கிறது. தமிழ்நாடு அதில் மேலே வந்ததற்குப் பின்னால் உண்மையான உழைப்பு இருக்கிறது. 1920-லேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்ட ஊர் இது. ரேஷன் கடை எல்லோருக்கும் உண்டு. என் ஆயா பட்ட பசியை என் அம்மா படவில்லை, அம்மா பட்டதை நான் படவில்லை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் விழுந்தால், அதைப் பிடிக்க அந்தப் பத்துக் கேள்வியில் ஒன்றுகூட இல்லை. இந்தக் குறியீட்டை உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழுவே, வேலையின் தரம், அவமானம் இல்லாமல் வெளியே போய்வர முடிவது போன்றவை தரவில் விடுபட்டுப்போகின்றன என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் கதவு திறந்துதான் இருக்கிறது. சித்தியின் விஷயத்தை அளந்து காட்ட ஓர் ஆள்தான் இல்லை.

அந்தத் தடைக்கால வீட்டுக்கு வருகிறேன். பருவகாலப் பசி என்பதை இந்தத் துறையில் அதிகமாகப் பேசியவர் ராபர்ட் சேம்பர்ஸ். ஆய்வாளர்களும் அதிகாரிகளும் தார்ச்சாலை போகிற வரைக்கும்தான் போகிறார்கள், மழைக்காலத்தில் போவதே இல்லை, அதனால் மிக மோசமான மாதமும் மிக ஏழையான வீடும் அவர்கள் கண்ணில் படுவதில்லை என்று 1980-களிலேயே சொன்னார். அதைப் படித்தபோது எனக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதைதான் ஞாபகம் வந்தது. மழையில் அங்கே தண்ணீர் நின்றால் எந்தக் கணக்கெடுப்பாளர் எங்கள் தெருவுக்கு வருவார்?

அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு இதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கிறது. 2022 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூலை வரை, வீடுகளை ஒரு முழு வருடத்துக்குப் பிரித்துப் போட்டு எடுத்தார்கள். படகுக்காரர் இலவசமாகக் கொண்டுவரும் மீன் மாதிரியானவற்றுக்கும் விலை போட்டுச் சேர்க்க முறை உண்டு. மார்ச்சில் ஒரு வீடு, மே மாதத்தில் இன்னொரு வீடு என்று வரும்போது மொத்தச் சராசரி ஓரளவு சரியாகிவிடும். ஆனால் மே மாதத்தில் ரசம் வைத்த அந்த அக்காவுக்குச் சராசரியால் என்ன பயன்? அதோடு, நாடு முழுவதும் சேர்த்து எடுத்ததே 2,61,746 வீடு. அதில் சென்னைக்கு எவ்வளவு, காசிமேட்டுக்கு எவ்வளவு என்று யோசித்துப் பார். மாநிலத்துக்குச் சொல்ல முடிகிறதை ஒரு பேட்டைக்குச் சொல்ல முடியாது. இந்த இரண்டு குறையும் எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று விளக்கமாகச் சொல்லக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் படிப்பு. இதைவிட நான் அங்கே கற்றது வேறில்லை.

இன்னொன்று கேட்கிறேன், நீயே யோசி. நீ எத்தனை மணிக்குக் கதவைத் தட்டுகிறாய்? காலை பத்து மணிக்கா? உன் அம்மா அப்போது கல்மண்டபத்தில் கூறு கட்டிக்கொண்டிருப்பார். வீடு பூட்டியிருக்கும். இரண்டு தடவை போயும் ஆள் இல்லையென்றால் மாற்று வீடு எடுக்கச் சொல்லியிருப்பார்கள். அப்போது யார் வீடு கணக்கில் வருகிறது? பகலில் வீட்டில் இருக்கிறவர்கள் வீடு. நான் இதை என் ஆய்வேட்டில் ஒரு பின்னிணைப்பாகத்தான் எழுதினேன். மதிப்பெண் போட்டவர் அதைத்தான் சுற்றி வட்டம் போட்டு, இதையே முதல் அத்தியாயமாக்கியிருக்கலாம் என்று எழுதியிருந்தார்.

வகுப்பில் மனதில் நின்ற ஒரு விஷயம். இந்தியாவில் ஒரு மனிதன் உயிரோடு இருக்க எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டவர் தாதாபாய் நௌரோஜி. 1870-களில், உயிர்வாழத் தேவையான அடிப்படை உணவை வைத்துக் கணக்குப் போட்டார். ஆண்டுக்கு ஆளுக்கு 16 ரூபாயிலிருந்து 35 ரூபாய் வரை வந்தது. சராசரி இந்தியனுக்குச் சிறைக் கைதிக்குக் கிடைக்கிற அளவுக்குக்கூட வருமானம் இல்லை என்பது அவர் வாதம். 2011-ல் உச்ச நீதிமன்றத்தில் திட்டக் குழு நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 32 ரூபாய்தான் வறுமைக்கோடு என்று சொல்லி நாடே கொதித்தது, 2014-ல் ரங்கராஜன் குழு 47 என்றது. உலக வங்கி 2025-ல் தன் வறுமைக்கோட்டை ஒரு நாளைக்கு 3 டாலர் ஆக்கியது. இந்த 3 டாலரைச் சந்தை மாற்று விகிதத்தில் 250 ரூபாய் என்று பெருக்கிவிடக் கூடாது. அதே சாமானை நம் ஊர் விலையில் வாங்க எவ்வளவு ஆகும் என்கிற வாங்கும் திறன் கணக்கில் பார்த்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. செய்தித்தாளில் தினம் இந்தத் தப்பைப் பார்க்கிறேன். ஒவ்வொரு வறுமைக்கோட்டையும் யார் போட்டார்கள், எந்த வருடம், எதை உள்ளே வைத்தார்கள், எதை வெளியே விட்டார்கள் என்று தெரிந்தவர்தான் அதை மாற்றிப் போடு என்று கேட்க முடியும்.

பன்னாட்டு என்ற வார்த்தையைப் பார்த்துப் பயப்படாதே. எனக்கு அது ஒரு தோழியால்தான் புரிந்தது. கானா நாட்டுக்காரி, அக்ராவில் சோர்கோர் என்கிற மீனவர் பகுதிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். அங்கே பெண்கள் மீனைப் புகையில் வாட்டி விற்கிறார்கள். அந்த ஊர்ப் பெயரிலேயே ஓர் அடுப்பு உண்டு, விறகு குறைவாகப் பிடிக்கும், புகையும் குறைவு. ஒரு ராத்திரி விடுதிச் சமையலறையில் நான் காசிமேட்டுக் கருவாட்டைப் பற்றிச் சொல்ல, அவள் அந்த அடுப்பைத் தாளில் வரைந்து காட்டினாள். யார் மீன் வாங்கக் கடன் கொடுக்கிறார்கள், கடன் கொடுத்தவரே விலையையும் நிர்ணயிக்கிறாரா என்று இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டோம். பேராசிரியர் யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம் அது.

இப்போது கணக்கு. பி.காம். போதும், ஆனால் தயாராகிப் போக வேண்டும். நான் முதல் பருவத்தில் புள்ளியியல் வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறேன், கழிவறைக்குப் போய் அழுதிருக்கிறேன். சராசரி, இடைநிலை, எடையிடுதல், திட்டப் பிழை (மாதிரியை வைத்துச் சொல்கிற கணக்கு எவ்வளவு தவறலாம் என்பது) இந்த நாலையும் இங்கேயே படித்துவிடு. அரசுக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கி, தமிழ்நாட்டை மட்டும் பிரித்து, ஜினி குறியீட்டை உன் கையாலேயே போட்டுப் பார். அது சுழியாக இருந்தால் எல்லோருக்கும் சமம், ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒருவருக்கே. செலவை வைத்துப் போட்டால் ஏற்றத்தாழ்வு குறைவாகத் தெரியும், வருமானத்தை வைத்துப் போட்டால் கூடுதலாகத் தெரியும். பணக்காரர் சம்பாதிப்பதை முழுக்கச் செலவழிப்பதில்லை அல்லவா. இதைப் போட்டுப் பார்த்தவர் வகுப்பில் பயப்பட மாட்டார்.

பணம். பெரம்பூர் ஐயா சொன்னதுதான் சரி, கடன் வேண்டாம். நான் பட்டியல் சாதி என்பதால் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் போனேன். 2022-ல் அதன் விதியில் இந்தியச் சமூகத்தைப் பற்றிய ஆய்வுகளுக்குக் கிடையாது என்று சேர்த்துவிட்டார்கள், எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய அடி. உனக்கு அந்த உதவித்தொகை பொருந்தாது, நீ செவனிங்கைப் பார். பிரிட்டன் அரசு கொடுக்கிற முழு உதவித்தொகை, ஒரு வருட முதுகலைக்கு. இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், உன் மூன்று வருடமும் கணக்கில் வரும். வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடுவார்கள். மூன்று படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். முடித்ததும் இரண்டு வருடம் ஊரில் வந்து இருக்க வேண்டும், அது உனக்குத் தடையாகத் தோன்றாது என்று நினைக்கிறேன். காமன்வெல்த் பகிர்வு உதவித்தொகையும் இருக்கிறது. இரண்டும் போட்டி அதிகம், கூடவே பெங்களூருக்கும் மும்பைக்கும் போட்டுவிடு.

விண்ணப்பக் கட்டுரையில் 'வறுமையை ஒழிக்க விரும்புகிறேன்' என்று எழுதாதே. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். புடவை சுற்றிய அரிவாள்மனையை எழுது. அதற்கடுத்து அந்தப் பதினெட்டில் ஒரு பங்கை எழுது.

---

காசிமேட்டுக்காரி:

அக்கா, ஐயா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. அக்கா எழுதிய திருத்தத்தைத் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒன்பதில் ஒன்றுதான் வருகிறது. மூன்று வருடமாக அந்தக் கேள்விகளைக் கேட்கிறேன், எடை எவ்வளவு என்று ஒருநாளும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பூட்டிய வீடு விஷயமும் அப்படியே. நேற்று என் பழைய நோட்டை எடுத்து எண்ணினேன். காசிமேட்டில் நான் மாற்று வீடு எடுத்த இடங்களில் பாதிக்கு மேல் ஏலத்துக்குப் போகிறவர்கள் வீடு. எனக்கு அவர்களைத் தெரியும், பெயரோடு தெரியும். ஆனாலும் மாற்று வீடுதான் எடுத்திருக்கிறேன்.

ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். ஐஸ்பெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார். சித்திக்கு ஆட்டோ செலவுதான் பிரச்சினை என்று நான் சொன்ன இடத்தில் நிறுத்தினார். "ஆட்டோ காசு இல்லடி. அவளுக்கு யாரு கடனுக்குக் குடுப்பா?" என்றார். அப்புறம்தான் விளக்கினார். ஏலத்தில் அம்மா காசு கொடுத்து மீன் எடுப்பதே இல்லை. முகம் தெரிந்தவர் என்பதால் எடுத்துக்கொண்டு போய் விற்று, சாயங்காலம் கொடுப்பார். ஒரு நாள் நஷ்டம் என்றால் மறுநாள் சேர்த்துக் கொடுப்பார். சித்தி பெரும்பாக்கம் போன பிறகு வாரத்துக்கு இரண்டு நாள்தான் வந்தார். ஆறு மாதத்தில் ரொக்கம் இருந்தால் எடு என்று சொல்லிவிட்டார்களாம். முப்பது வருடமாக இருந்த முகம் ஆறு மாதத்தில் போய்விட்டது. எனக்கு இது தெரியவே தெரியாது. என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

வங்கித் தேர்வுக்கும் படிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஆகஸ்டில் விண்ணப்பமும் போடப்போகிறேன். அந்தப் பழைய சுற்றுகளின் கணக்கு, மார்ச், மே இரண்டும் என் டேப்லெட்டில் இருக்கிறது. அதை வைத்து ஏதாவது எழுதிப் பழகலாமா அக்கா?

---

வியாசர்பாடி அக்கா:

அதை மட்டும் செய்யாதே. அந்த வீட்டு அக்கா உன் நிறுவனத்தின் வேலைக்குத்தான் சம்மதம் சொல்லி விடை கொடுத்தார். உன் விண்ணப்பத்துக்கு இல்லை. டேப்லெட்டில் இருப்பது டேப்லெட்டிலேயே இருக்கட்டும்.

அம்மா சொன்னதை இன்றைக்கே எழுதிவை, அவர் சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு. கடனுக்குக் கொடுக்கிற பழக்கத்தைப் பற்றி ஏலத்தில் இன்னும் நாலு பேரிடம் கேள். சாயங்காலம் கொடுப்பதில் ஏலக்காரருக்குக் கழிவு உண்டா, எவ்வளவு, யாருக்குக் கொடுக்க மாட்டார்கள், ஏன் என்று கேள். கேட்பதற்கு முன்னால் எதற்காகக் கேட்கிறாய் என்று சொல்லிவிடு. வேண்டாம் என்றால் விட்டுவிடு. சித்தியிடமும் அப்படியே கேட்க வேண்டும், சித்திதானே என்று எழுதிவிடாதே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இருப்பேன். அங்கே உட்கார்ந்து தரவை எப்படி இறக்குவது என்று காட்டுகிறேன். பெரம்பூர் ஐயாவுக்கும் நேரம் இருந்தால் வரட்டும், செவனிங் கட்டுரையை அவர் ஒருமுறை படித்துப் பார்த்தால் நல்லது. நீ ஒரு நோட்டும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு வா.

---

பெரம்பூர்வாசி:

வருகிறேன் அம்மா. 1996-ல் மில்லை மூடிய பிறகு எங்கள் தெருவில் மளிகைக்கடைக்காரர் யார் யாருக்குக் கடனை நிறுத்தினார், யாருக்கு நிறுத்தவில்லை என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உனக்குப் பயன்பட்டால் சொல்கிறேன்.